வாசலில் வேப்பிலை

'பார்வையாளர் வர வேண்டாம்' என்று
மலாயிலும் தமிழிலும் எழுதிக் கதவில் ஒட்டினேன்.
பகாவில் ஒருவரும் கதவைப் படிப்பதில்லை.
ஆலையில் ஷிப்ட் முடித்த கையோடு வந்தார்கள்,
மூக்கைத் துவாலையில் துடைத்துக்கொண்டு,
பத்து வெள்ளியை அங்பாவ் உறையில் மடித்துக்கொண்டு.
"ஒரே ஒரு முத்தம்" என்றார் பவளக்கொடி அக்கா.

நான் எடைமேடைக் கிராணி.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
வெளியே போகும்போது ஓர் எடை.
கழித்தால் மிஞ்சுவது செம்பனைக் குலை.
என் கணக்கில்
வந்த பையன்கள் இருவர்.
போனவன் தர்வின், பத்து மாதம்.

தடிக்காவிலிருந்து அவன் அக்கா கொண்டுவந்தது
நாலு கொப்புளம்.
அவளுக்கு ஒரு வாரத்தில் உதிர்ந்தது.
அவனுக்கு நுரையீரல்வரை இறங்கியது.
"அம்மா விளையாட வந்திருக்கா,
தாளிக்காதே, கோபிப்பா."
பதினோரு நாள்
என் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை.

இரண்டாவது பிறந்ததும்
கோலாலம்பூரில் டாக்டர் நோரைனி
ஒரு தாள் எடுத்து வரைந்தார்.
பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம்,
இறந்த சதுரத்துக்குக் கறுப்பு.
தர்வின்.
பெயர் வைக்குமுன் போன என் தம்பி.
அம்மாவோடு பிறந்த இரண்டு பேர்
(தோட்டத்து டிரசர் 'காய்ச்சல்' என்று எழுதியதோடு சரி).
ஜெனரேட்டர் நின்ற ராத்திரியில்
லயத்துச் சன்னல்கள் மாதிரி
ஒவ்வொன்றாகக் கறுத்தன.

வேலி இருக்கிறது, கேட் இருக்கிறது,
ஜாகா மட்டும் பிறக்கவே இல்லை.
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.
ஒரு சளிகூட
சீட்டுக் காட்டாமல் உள்ளே போய்விடும்.

"யார்கிட்டேருந்து வந்துச்சு?"
கேட்ட பிறகுதான் தாளைப் பார்த்தேன்.
என் அம்மாவின் வட்டத்தில் ஒரு புள்ளி.
என் வட்டத்தில் ஒரு புள்ளி.
பொட்டு மாதிரிதான் இருந்தது.

அம்மை.
இந்தச் சொல்லை எங்கே போய் மாற்றுவது?

அன்று சாயங்காலம்
கோயிலுக்குப் பின்னால் போய்
இரண்டு கொத்து ஒடித்து
நிலையில் செருகினேன்.
பவளக்கொடி அக்கா தெருவிலேயே செருப்பைத் திருப்பினார்.
காஸ் தோம்பு கொண்டுவரும் பையன்
கேட்டுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டு ஓடினான்.
யாரோ தூக்கில் கூழ் வைத்துப் போனார்கள்.
"எத்தனை முத்து? தண்ணி எப்ப ஊத்துற?"
"இன்னும் இறங்கல" என்றேன்.
"அம்மா உள்ளதான் இருக்கா."
அதில் பொய் இல்லை.

வாடினால் புதுக்கொத்து.
நாலாவது வாரம்
தெரு விரல்விட்டு எண்ணத் தொடங்கியது.
இவ்வளவு நாள் எந்த அம்மா தங்குவாள்?

லிவாஷினி பள்ளி விட்டதும்
பின்பக்கம் குளித்துவிட்டு
சன்னலுக்கு வெளியே நின்று
தம்பிக்குக் கணக்குப்பாடம் எடுப்பாள்.
நாலு மாதக் குழந்தை
ஏழாம் வாய்ப்பாட்டுக்குச் சிரிக்கும்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.
அவள் எலும்புக்குள் இருப்பது
அவனுக்குப் பொருந்துகிறதாம்.
சற்குணன் போனை வைத்துவிட்டு
வேனுக்கு டயர் மாற்றப் போனார்.
மாற்ற வேண்டிய டயர் இல்லை அது.

விடியுமுன் கிளம்பினோம்.
வேப்பிலையை எடுக்கவில்லை.
அவன் என் மடியில், துணிமூடிக்குள்.
அவள் முன்சீட்டில்.
ஆலைப் புகை தாழ்ந்து கிடந்தது.
எடைமேடையைக் கடக்கும்போது
பழக்கத்தில் எண்ணைப் பார்த்தேன்.
சைபர் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா,
அப்ப நான்தானே கொண்டுவந்தேன்...
இந்தத் தடவை நான் குடுக்கறதுல
கொப்புளம் இருக்குமா?"

ஒன்பது வயது.
அவள் வட்டத்தில் டாக்டர்
இன்னும் எதுவும் வைக்கவில்லை.

"இல்ல" என்றேன்.
சற்குணன் கியரை மாற்றினார்.
அவள் திரும்பி உட்கார்ந்து
சீட்டின் இடுக்கு வழியாக
ஏழாம் வாய்ப்பாட்டை
விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.