மேல்மாடி

வீடு என் பேரில்.
சீதனமாய் எழுதின உறுதி.
கரண்ட் பில் அவர் பேருக்கு வரும்,
தண்ணி பில் அவர் பேருக்கு,
கலியாணக் கார்ட்டெல்லாம் ஜனாப் போட்டு அவருக்கு.
சோலைவரி மட்டும் எனக்கு:
ம. இ. ஜெஸீலா உம்மா, இலக்கம் 114/2, சாய்ந்தமருது,
இருமாடிக் கல்வீடு,
வருடாந்தப் பெறுமதி அறுபத்தோராயிரத்து இருநூறு.
போன மதிப்பீட்டில் பதினெட்டாயிரம்.

இருமாடி என்ற சொல்லை
மீன் அரிந்த கையைத் துடைத்துவிட்டு
இரண்டு தரம் வாசித்தேன்.

மேலே இருப்பது ஒன்பது தூண்.
பதினாலு படி, பதினைந்தாவது வானம்.
தூண் உச்சியில் துருப்பிடித்த கம்பி,
கண்ணில் குத்தாமலிருக்க
நுனிதோறும் கவிழ்த்த யோகட் கோப்பை.
ஒரு தண்ணித் தாங்கி, உடுப்புக் காயப்போடும் கொடி.
சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்ட கிழமை
கரண்டியைக் கழுவிக்கொண்டு போன மேசன்
இப்போது கட்டாரில் என்று கேள்வி.

"ஜனவரிக்குள்ள கட்டினா பத்து வீதம் கழிவு,
கட்டிப்போட்டுச் சும்மா இரிகா" என்றார் அவர்.
அறுபத்தோராயிரத்தில் பத்து வீதம் கழித்தாலும்
இல்லாத மாடி இல்லாத மாடிதானே.

கல்முனைக்குப் பஸ் ஏறினேன்.
மூன்றாம் ஜன்னலில் இருந்த மிஸ்
ஆட்சேபனைப் படிவம் தந்தா, பேனை தரவில்லை.
ஏழாம் கேள்வி:
விலக்குக் கோருவதாயின் காரணம்.
வழிபாட்டிடமா, கல்விக்கூடமா,
வெறுமையாய்க் கிடக்கும் கட்டடமா?

புழுக்கம் தாங்காத நோன்பு இரவுகளில்
முஸல்லாவை விரித்தது அங்கேதான்.
கரண்ட் இல்லாத மாதங்களில்
ஸஹ்லா ஏ.எல். படித்ததும் அங்கேதான்,
தொலைபேசி வெளிச்சத்தில், இரண்டு தூணுக்கிடையில்.
எதற்குப் புள்ளடி இடுவேன்?

கையெழுத்து வடிவென்று
படிவத்தை ஸஹ்லாவிடமே கொடுத்தேன்.
பிறகுதான் நெஞ்சில் இடித்தது.

அதே தூண்களை
அந்தி வெயிலில், கொஞ்சம் கீழே நின்று,
உயரமாய்த் தெரியும்படி படம் எடுத்து
சுபைதா ராத்தாவின் வாட்சப்புக்கு அனுப்பியவள் நான்.
நிந்தவூர் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட.
கீழே ஒரு வரி: இளையவளுக்கு மேல்வீடு.

இப்போது உச்சி வெயிலில்
மேலே நின்று, கம்பியும் கோப்பையும் தெரிய,
இன்னொரு படம், மாநகர சபைக்கு.

அவள் எழுதினாள், ஓர் எழுத்தும் பிசகாமல்:
மேற்படி ஆதனத்தில் மேல்மாடி என ஒன்று இல்லை.
வாசித்துக் காட்டினாள்.
சிரித்தாள்.
எந்தச் சிரிப்பென்று நான் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர் மெலிந்த பொடியன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஏறினார்.
தூணைத் தட்டினார். கோப்பைகளைப் பார்த்தார்.
"இது யாருக்குக் கட்டினது?"
தேத்தண்ணியோடு ஏறி வந்த ஸஹ்லா
எனக்கு முந்திச் சொன்னாள்:
"காத்துக்கு, சேர்."
அவர் அதையும் எழுதினாரோ தெரியாது,
பேனை அசைந்தது.

ஆறு கிழமை போய்க் கடிதம் வந்தது.
மேல்தளம் நிர்மாணம் பூர்த்தியடையவில்லை.
பெறுமதி இருபத்திரண்டாயிரமாகத் திருத்தப்பட்டது.
பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் என்ன என்று
பின்பக்கத்தைப் புரட்டினேன்:
கொங்கிறீட் படிக்கட்டு, ஒன்று.

அன்று அஸருக்குப் பிறகு
உடுப்பெடுக்க ஏறினவள்
பாதியில் இருந்துவிட்டேன், ஏழாம் படியில்.
இனி வருடா வருடம் வரி கட்டுகிற படி,
இருந்தால் என்ன.
கடல் பக்கமிருந்து காற்று வந்து
கோப்பைகளை ஆட்டிப் பார்த்தது.
கீழே தொலைபேசி அடித்தது.
சுபைதா ராத்தாவாய்த்தான் இருக்கும்.
அடிக்கட்டும் என்று இருந்தேன்.
ஸஹ்லா எடுத்துவிட்டாள்.