இரண்டு எண்கள்

ருஸ்தாவி கார்ச் சந்தையில் விடியலிலிருந்து தூறல்.
முன்கண்ணாடியின் கீழ் மூலையில், வைப்பர் மறைத்த இடத்தில்
பதினேழு எழுத்துகள்.
மக்வாலா துடைக்கிறாள், படிக்கிறாள்,
மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதிக்கொள்கிறாள்.

முதலில் நான்கு: பிறந்தது அமெரிக்கா.
பத்தாவது எஃப்: இரண்டாயிரத்துப் பதினைந்து.
இதில் ஓ வராது, ஐ வராது,
சுழியம் என்றால் சுழியம்தான்.
"இந்த ஒழுங்கு என் வீட்டுக்காரருக்கு இருந்திருந்தால்,"
என்று தனக்குத்தானே.

ஜும்பேர் சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.
"ஒரு கீறல் கிடையாது அம்மணி.
யாரோ டாக்டர் ஓட்டியது."

ஓட்டுநர் கதவைத் திறக்கிறாள்.
விளிம்பில் ஒட்டிய தாளில்
வேறு எண்.
பத்தாவது, டி.
வண்டியைவிடக் கதவு
இரண்டு வயது மூத்தது.

கொறிப்பது நின்றது.
"கதவு மட்டும்..." என்று தொடங்கினான்.
"பழைய கதவு?"
உமியைத் துப்பிவிட்டு
மேற்கே கை காட்டினான்.
அங்கே மலை. அதற்கப்பால் கடல். அதற்கும் அப்பால்.

அவள் சீட் பெல்ட்டை இழுத்தாள்.
பாதியில் நின்றது,
இன்னும் யாரையோ
விடாமல் பிடித்திருப்பதுபோல.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.

"எழுநூறு டாலர் குறை.
பெல்ட்டையும் மாற்றிக் கொடு."