ஏர்க்காலின் இடப்பக்கம்

விவாகரத்துத் தீர்ப்பில் கோவேறு கழுதைகளுக்கு
ஒரே ஒரு வரி:
ஆளுக்கொன்று.
டீக்கன் லாய்டுக்கு, பிளம் எனக்கு.
ஒன்பது வருடம் ஒரே ஏர்க்காலின்
இடமும் வலமுமாக நடந்தவை அவை என்பது
எந்த வக்கீலின் கோப்பிலும் இல்லை.

ஏப்ரல், மூன்றாம் சனிக்கிழமை.
மிசௌரி மலைச்சரிவில் எங்கள் வட்டார வண்டிப் பயணம்.
பதினொரு வண்டிகள்.
பழைய பிக்கப்பின் அச்சு, ரப்பர் டயர்,
மூடிய தேவாலயத்திலிருந்து ஏலத்தில் எடுத்த பெஞ்சுகள்.
என் வண்டியில் ஐந்து பேர், ஒரு பானை பீன்ஸ்:
வங்கிக் கவுன்டரில் இருக்கும் டோரித், அவளுடைய இரட்டையர்,
தலையணையோடு வந்த தபால்காரர் ஹார்லன்,
கழுதையின் பின்புறத்தை வாழ்நாளில்
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று
பத்து நிமிடத்துக்கொரு தரம் சொல்லும் அவர் மனைவி.

பிளம்முக்குப் புதுத் துணை கிளெம். இளசு.
வாங்கி நாலு மாதம்.
நல்ல பிள்ளைதான். பிளம் இதுவரை
அதன் பக்கம் ஒரு காதைக்கூடத் திருப்பியதில்லை.

லாய்டின் வண்டி மூன்றாவது.
நான் கடைசியில் வருகிறேன் என்று
முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன்.
நடுவே ஏழு வண்டித் தூசி.
போதும் என்று நினைத்தேன்.

ஸ்கில்லெட் ஓடை. முழங்கால் தண்ணீர், கூழாங்கல் தரை.
பத்து வண்டியும் இறங்கி ஏறிப் போயின.
பிளம் முன்னங்கால் இரண்டையும் நனைத்தது.
நின்றது.

கோவேறு கழுதை நின்றால் யோசிக்கிறது என்று அர்த்தம்;
அதைப் பிடிவாதம் என்பவர்கள் குதிரைக்காரர்கள்.
நாக்கைச் சொடுக்கினேன். வாரை அசைத்தேன்.
பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
இரட்டையர் அதை உடனே மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

அப்போது அக்கரையிலிருந்து டீக்கன் கத்தியது.
கனைப்பில் தொடங்கி,
துருப்பிடித்த அடிபம்பில் முடியும் சத்தம்.
பிளம் பதில் சொன்னது.
மறுபடி அது. மறுபடி இது.
பத்து வண்டி ஜனமும் திரும்பிப் பார்த்தது,
முதலில் கழுதைகளை,
பிறகு என்னை,
பிறகு லாய்டை.
யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில்
அப்படியென்றால் எல்லோரும் பேசி முடித்தாயிற்று.

பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி வந்தான்,
டீக்கனைக் கையில் பிடித்தபடி.
"கரையேறும் வரைக்கும்" என்றான்.
"கரையேறும் வரைக்கும்" என்றேன்.
கிளெம்மை அவிழ்த்தோம்.
இழுவைச் சங்கிலியின் கொக்கிகளை
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
ஒரு சொல் கேட்காமல் மாட்டினோம்.
கை எதையும் மறக்கவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

டீக்கன் தன் இடப்பக்கத்தில் தானாகப் போய் நின்றது.
பிளம் அதன் கழுத்துப்பட்டையில் தாடையைத் தேய்த்து
ஒரு நீள மூச்சு விட்டது.
நான் இன்னும் வாரைத் தொடவே இல்லை.
வண்டி நகர்ந்துவிட்டது.
ஹார்லன் கைதட்டினார். பீன்ஸ் சிந்தியது.

கரையேறினோம்.
கொக்கியைக் கழற்ற அவனும் வரவில்லை,
நானும் இறங்கவில்லை.
மதியச் சாப்பாட்டில்
நான் டோரித்தோடு, அவன் தங்கை குடும்பத்தோடு.
நடுவே நாற்பதடி புல், ஒரு சைக்கமோர் மரம்.

மாலையில் இரண்டு டிரெய்லர்கள் வாய் திறந்து நின்றன.
"ஒற்றைப்படை மாதம் என்னிடம்" என்றேன்,
"இரட்டைப்படை உன்னிடம். ரெண்டும் சேர்ந்தே."
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.
"தீவனம்?"
"பாதிப் பாதி."
"லாடம்?"
"யாரிடம் தேய்கிறதோ அவர்."
விரல்விட்டு எண்ணினான். ஏப்ரல், இரட்டைப்படை.
அவை ஏற்கெனவே அவன் டிரெய்லரில் ஏறியிருந்தன.

கிளெம்மோடு வீட்டுக்கு ஓட்டினேன்.
நெடுஞ்சாலைச் சிக்னலில் நின்றபோது
பின்னாலிருந்து தகரத்தில் ஓர் உதை.
"சரி" என்றேன் கண்ணாடியைப் பார்த்து,
"கேட்டுவிட்டது, கிளெம்."
விளக்கு இன்னும் சிவப்பு.
இன்னோர் உதை.