கடைசித் தாள்

இதழ் எண் நாற்பத்தேழு, விலை அறுபது பைசா.
அட்டையில் கண்ணாடி வேங்கை
மாடி விட்டு மாடி தாவுகிறான்.
அச்சகத்தில் யாருக்கோ கை நடுங்கியிருக்கிறது,
சிவப்பு மட்டும் ஒரு நூல் தள்ளி விழுந்துவிட்டது.
உதடு ஓரிடம், உதட்டின் நிறம் வேறிடம்.
வீரர்களுக்கு ரத்தம்
உடம்புக்குச் சற்று வெளியே ஓடும் என்று
எட்டு வயதில் நம்பியவன் நான்.

மண்டபத்தில் ஐஸ் ஃபேக்டரி கணக்குப்பிள்ளை.
பகலில் பார் எண்ணுவேன், இரவில் காகிதம் காப்பேன்.
வடக்கே கடல், தெற்கே கடல்,
நடுவில் தகரப் பெட்டியில் இருநூற்றுப் பதினாறு புத்தகம்.
கொண்டல் அடிக்கத் தொடங்கினால்
ஸ்டேப்பிள் பின்தான் முதலில் கசியும்,
துரு நடுப்பக்கத்தில் இறங்கும்.
புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே,
ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம்,
அதைக் கடை கடையாகக் கேட்டு வாங்குகிறேன்.
"பிள்ளைக்குச் சளி புடிச்சப்ப
இம்புட்டுப் பதறலயே நீங்க" என்பாள் எமரன்சி.

நாற்பத்தேழில் கடைசித் தாள் இல்லை.
முப்பதாம் பக்கத்தில் கை முகமூடிக்குப் போகிறது,
ஒரு விரல் விளிம்பில் மாட்டுகிறது,
அப்புறம் பின்னட்டை: சைக்கிள் டைனமோ விளம்பரம்.
முப்பத்தாறு வருடமாக அந்த விரல்
அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த வருடம் அவனைப் படமாக எடுத்துவிட்டார்கள்.
ராமநாதபுரத்தில் தினசரி நாலு காட்சி.
பாம்பன் பையன்களின் பனியனெல்லாம் வேங்கை,
ஐஸ் ஏற்ற வரும் ஒரு விசைப்படகின் மூக்கிலும் வேங்கை,
பெயிண்டர் பூனையாக்கி வைத்திருக்கிறார்.
சென்னையிலிருந்து போன்:
"நாப்பத்தேழு இருக்கா சார்? முழுசா இருந்தா பதினெட்டாயிரம்."
முழுசா.
அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அந்தத் தாள் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
கீழக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும்
சித்தி ரமீஸாவிடம்.
கொழும்பிலிருந்து அவள் வாப்பா கொண்டுவந்த
கண்ணாடி டம்ளரைச் சுற்றி வந்த தாள்.
டம்ளர் அந்த வாரமே உடைந்துபோனது.
அதற்குப் பிறகு அவளும் சேர்க்கத் தொடங்கி,
என்னைவிட நாற்பது புத்தகம் கூடுதல்.

"உங்க முப்பது பக்கத்தக் குடுங்க, ஏழாயிரம்."
"உங்க ஒரு தாளக் குடுங்க, ஐயாயிரம்."
ஆறாவது தடவையாக இதைப் பேசிக்கொண்டோம்.
அப்புறம் அவளே இரங்கி மிஷின் மூடியைத் தூக்கினாள்:
"நகல் எடுத்துக்கங்க. ரெண்டு ரூபா."

முகம் வேண்டும் எனக்கு, சத்தியமாக வேண்டும்.
ஆனால் கறுப்பு வெள்ளையில்
சிவப்பு எங்கே போய்த் தள்ளி விழும்?
வேண்டாம் என்றேன்.

"படத்துலதான் காட்டுறாங்களே, பாக்கலையா?"
போனேன். முகமூடி கழன்றபோது
கொட்டகையே விசிலடித்தது, பின்வரிசை காகிதம் எறிந்தது.
நான் அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பைத் தேடினேன்.
செருப்பு காலில்தான் இருந்தது.

சொன்னதும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
டோனர் படிந்த விரல்களைத் துணியில் துடைத்தாள்,
இரண்டு தடவை துடைத்தாள்.
"எனக்கு ஒம்பது வயசுலேருந்து மொகம் தெரியும்.
யாரு மொகம்னுதான் தெரியாது.
இங்கேயே நின்னு படிச்சிட்டுத் தர்றேன், குடுங்க."

கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
நின்றபடியே படித்தாள்.
ஆதார் நகலுக்கு வந்தவர் இருமினார், போனார்,
திரும்பி வந்தார்.
மின்விசிறிக் காற்றில் புரளப் பார்த்த பக்கத்தை
ஸ்கேலின் விளிம்பால் தொட்டு நிறுத்தினாள்,
விரலால் தொடவில்லை.
முப்பதாம் பக்கத்தில் நெடுநேரம் இருந்தாள்.

"அட, இவனா" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
புத்தகத்தைக் கவரில் போட்டு,
பொட்டலம் ஒன்றை உள்ளே தள்ளி ஒட்டினாள்,
என்னுடையதைவிடப் பெரிய பொட்டலம்.
"எட்டாயிரம்" என்றாள்.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம்தான் கிடைத்தது.
காற்று ஈரமாக இருந்தது.
கவரைச் சட்டைக்குள் போட்டு
பொத்தானை மாட்டிக்கொண்டேன்.