கீறல் விழுந்த இடம்

அந்தி மணல் ஆறிப்போச்சு,
அவர் செருப்புச் சத்தம் எங்கே

என்றுதான் எழுதியிருக்கிறார் எழுதியவர்.
படம் ஓடவில்லை.
முக்கூடல் டாக்கீஸில் நான்காம் நாளே
வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.
பாட்டு மட்டும்
ஆவுடையப்பன் சவுண்ட் சர்வீஸில்
ஒரு தட்டாகத் தங்கிவிட்டது.

எழுபத்தாறாம் வருஷக் கொடையில்
நேர்ச்சைக் கிடா முட்டி மேசை சாய்ந்தது என்பார்கள்.
அதெல்லாம் இல்லை,
மைக்செட்காரன் மகன்
தட்டில் சீனிக்கிழங்கு வைத்துத் தின்றான் என்றும் சொல்வார்கள்.
எப்படியோ, கீறல்.

அன்றுமுதல் வேப்பமரத்துக் குழாயில்
அவர் செரு
அவர் செரு
என்று முள் அங்கேயே நின்று சுற்றும்.
பந்தல் கடைசியில் பீடி குடிக்கிற ஆவுடையப்பன்
ஓடிவந்து
முள்ளின் தலையில் ஒரு நாலணாவை வைப்பார்.
அதற்குள் மூன்றாவது செருவும் வந்திருக்கும்.
வலதுகால் கொஞ்சம் இழுப்பு அவருக்கு.
நல்ல கால் என்றால்
இரண்டோடு முடிந்திருக்கும்.

ஊர் அப்படியே பாடம் பண்ணிக்கொண்டது.

நையாண்டிமேளத்துக் கோமதிநாயகம்
அந்த இடத்தில் சீவாளியைக் கடித்து
மூன்று தரம் விக்குவார்.
கரகக்காரி மூன்று எட்டு பின்னால் போவாள்.
செய்யதம்மாவுக்கு பீடி நூலில்
செருவுக்கு ஒரு சுற்று,
மூன்றாவதில் அறுப்பு.
வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு
மேலப்பாளையத்தில் ஒரு தெரு முழுக்க
அந்தக் கணக்கில்தான் சுற்றுகிறதாம்.

ஞானசிகாமணி உபதேசியார்
மெட்டை எடுத்து லெந்து நாள் பவனிக்குக் கட்டினார்:
அவர் சிலு, அவர் சிலு, அவர் சிலுவைப் பாரம்.
பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஐயர்
என்ன வேய் இந்தத் திக்கல் என்று கேட்க
'பாரம் தூக்கினா திக்கும்லா ஐயரே' என்றாராம்.

நான் தபேலா.
முப்பத்தொரு வருஷத்தில்
பன்னிரண்டு தொண்டைக்கு இந்தப் பாட்டை வாசித்திருக்கிறேன்.
ஒருவர் மூக்கால் பாடுவார்.
ஒருவர் போதையில் சரணத்தை முதலில் எடுத்துவிடுவார்.
அந்த மூன்றை மட்டும்
யாரும் விட்டதில்லை.

போன ஆடிக் கொடைக்கு
மதுரையிலிருந்து ரேணுப்ரியா வந்தாள்.
கையில் போன், போனில் வரி.
பிசிறில்லாமல் பாடினாள்.
அந்த இடத்தை
எண்ணெய் தடவிய கதவு மாதிரி கடந்து போனாள்.

கூட்டம் கப்பென்று அடங்கியது.
பிறகு ஐஸ் வண்டிப் பக்கமிருந்து ஒருத்தன்:
ஏ, தப்பாப் பாடுதா!
மூணு எங்கட்டீ?
ரூவாய முழுசா வாங்கிட்டுப் பாட்டக் கொறைக்காளே!
விசில்.
விசிலடித்த எவனும்
ஆவுடையப்பன் செத்தபோது பிறந்திருக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.
மூன்று விரல் காட்டினேன், புரியவில்லை.
தொப்பியில் மூன்று தட்டிக் காட்டினேன்.
கண்ணை மூடி மறுபடி எடுத்தாள்.

அவர் செரு
அவர் செரு

அங்கே அவளாகவே
ஒரு மூச்சு நின்றாள்.
முன்வரிசையில் இரண்டு மூன்று பேர்
பந்தலுக்குப் பின்னால் இருட்டைத்
திரும்பிப் பார்த்தார்கள்.

நல்ல தட்டின் பாட்டு
இப்போது போனில் கிடைக்கிறதாம்.
மருமகன் போட்டுக் காட்ட வந்தான்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டேன்.

இந்த மாதம்
கோயம்புத்தூர்க் கல்யாணம் ஒன்றில்
ரேணுப்ரியா பாடிய வீடியோ வந்தது.
தபேலாவில் எனக்குத் தெரியாத ஒரு பையன்.
அவனும் காத்திருக்கிறான்.
இரண்டாவது செருவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
ஒரு ஆள்
ஓடிக்கொண்டே
நாலணாவுக்காகச் சட்டைப்பையைத் தடவுகிற நேரம்
அப்படியே விழுந்திருந்தது.