மூன்று தடவை வந்த பாறை

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டரை.
கேரட் கழுவும் உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது.
மண் போகப் போக ஆரஞ்சு நிறம்,
அதற்கு மேல் பல்பு வெளிச்சம்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
பத்தடிக்கு அப்பால் பனி சுவர் எழுப்பியிருக்கிறது.

நான் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன்.
லாரி ஓட்டும் ஷம்சு போன வாரம்
ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து கொடுத்தான்:
இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்கள், பதினொன்று,
எல்லாம் தமிழ் பேசும்.
கைமாறிக் கைமாறி எல்லோரும் பார்த்தாயிற்று.
இனிப் பேசாமல் இருக்க முடியாது.

"தூக்குமேடைக்குக் கீழ உக்காந்து
ஒருத்தன் ஆரஞ்சுப் பழம் உரிக்கிறான்.
உரிக்கிறான். உரிச்சுக்கிட்டே இருக்கான்.
நான் எந்திரிச்சுப் போய் அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வந்தேன்,
இன்னும் பாதித் தோல் பாக்கி" என்கிறாள் ரெஜினாள்,
சாக்கு ஊசியில் சணல் கோத்தபடி.
பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.
"தோல் அறுந்து விழுந்துருமோன்னு
பயமா இருந்துச்சு."
இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது.

பெள்ளிராஜுக்குப் பாறைதான் பிரச்சினை.
"கழுகு மூக்கு மாதிரி ஒரு பாறை.
துரத்தும்போது வருது. தப்பிச்சு ஓடும்போது வருது.
எல்லை தாண்டி மெக்ஸிகோ போனதுக்கு அப்புறமும்
அதே பாறை முன்னால நிக்குது."
அது மெக்ஸிகோவே இல்லை, ஸ்பெயின் என்றான் ஷம்சு.
"இருக்கட்டுமே.
நம்ம பைன் காடு எத்தனை படத்துல
காஷ்மீரா நின்னிருக்கு.
ஒரு தடவை இருமியிருக்குமா?"

தேவபாலன் தண்ணீர்க் குழாயைத் திருப்பிப் பிடித்தான்.
அவனுக்கு அந்த வாய்கள் பிடித்திருந்தன:
சொல் முடிந்த பிறகும் அசைகிற உதடுகள்,
உதடு மூடிய பிறகு வந்துசேரும் சொல்.
"எங்கப்பா அப்படித்தான் பேசுவாரு.
பதுளையில வாயைத் திறப்பாரு,
கோத்தகிரியில சத்தம் வரும்."
யாரும் சிரிக்கவில்லை, அவனைத் தவிர.

எனக்கு? பொய்ப்பல் வில்லன்.
சுடப்போகும் முன் பல்லைக் கழற்றி
விஸ்கி கிளாசில் போட்டுவைப்பான்.
அவன் செத்த பிறகு கேமரா
அந்த கிளாசையே பார்த்துக்கொண்டிருக்கும்.
பல் சிரித்தபடி இருக்கும்.
இரண்டு நாளாகப் பல் தேய்க்கும்போதெல்லாம் அவன்தான்.

அங்கே எங்கே பார்த்தாலும் புழுதி, ஒரு மைல் தூரம் தெரிகிறது.
"நம்ம ஊர்ல இந்தச் சண்டை நடக்காது" என்றான் பெள்ளிராஜ்.
"முப்பதடி தள்ளி நிக்கணும்.
கூப்பிட்டுக் கேட்டுத்தான் சுடணும்:
அண்ணே, இருக்கீங்களா?"
நடுவில் காட்டெருமை வந்து நின்றால்?
"அதுவும் ஒரு கட்சி."

நாலரை.
தோட்டக்காரர் போஜன் வந்துவிட்டார், காதுவரை மஃப்ளர்.
மண்டியாள் குணாளன் ஜீப்பில் சாய்ந்திருக்கிறான்.
ஷம்சு இறங்கி நிற்கிறான்,
விடிவதற்குள் பர்லியார் தாண்ட வேண்டும்.
மூன்று பேர், மூன்று மூலை.
நேற்றைய விலை முப்பத்தெட்டு.
இன்றைய விலையை யாரும் வாய் திறந்து கேட்கவில்லை.
போன்கள் இடுப்பில்.

பெள்ளிராஜ் ஜெனரேட்டரை அணைத்தான்.
லாரியின் முன்விளக்கு மட்டும், அதில் ஓடும் பனி.
உருளையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.
ரெஜினாளின் ஊசி பாதிச் சாக்கில் நின்றது.
எங்கிருந்தோ ஒரு சீட்டி.
தேவபாலனைப் பார்த்தேன்.
அவன் உதடு அப்புறம்தான் குவிந்தது.

போன் அடித்தது.
மூன்று கைகளும் ஒரே சமயம் இடுப்புக்குப் போயின.
ரெஜினாளுடையது.
மகளைப் படிக்க எழுப்பும் அலாரம்.

அடுத்து அடித்தது குணாளனுடையது.
கேட்டான். வைத்தான். இருபத்தாறு என்றான்.

அந்தப் படங்களில் இந்த இடத்தில் ஒருவர் விழுவார்.
போஜன் விழவில்லை.
மஃப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டு
தார்ப்பாய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.
"இறுக்கு" என்றார்.
நூற்றுப் பதினேழு மூட்டை என்று எழுதினேன்.

லாரி நகரும்போது ஷம்சு தலையை நீட்டினான்:
அடுத்த பென்டிரைவில் ஒரு படம் முழுக்க மழையாம்.
ரெஜினாள் புதுச் சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"பாத்துட்டுச் சொல்றேன்,
துணியை எங்க காயப்போடுறாங்கன்னு."