நாலு எண்ணும் வரை

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்தும்
நாற்காலிகளை யாரும் அடுக்கவில்லை.
சுக்காப்பி வந்தது.
பேசுங்க என்றார் பங்குச் சாமியார்.
அவர் குறும்பனைக்கு வந்து ஒன்பது மாதந்தான்,
கிளீட்டஸ் சாரிடம் திட்டு வாங்கும் அளவுக்குக்கூடப் பழகவில்லை.

முதலில் எழுந்தது சவுண்டு செட் தார்சியுஸ்.
கையில் நோட்டு.
"ஆயிரத்து எழுநூத்தம்பது. ரெண்டு ஹாரன், ஒரு ஸ்பாட் லைட்டு,
பெரிய வியாழன் ராத்திரி.
தாறேன் தாறேன்னு தரல்ல."
சாருடைய மகன் பாக்கெட்டில் கையை விட்டான்.
"வேண்டாம் மக்கா, இத நான் வெட்டமாட்டேன்.
வெட்டினா கணக்கு தீந்துபோவும்லா."

பகலில் அவர் இரணியலில் பத்திரம் எழுதினார்.
எங்கள் நாடகப் பிரதிகளும்
நான்கெல்லையில்தான் தொடங்கும்:
கிழக்கே ஜெனரேட்டர்,
மேற்கே ரெஜினாளின் மீன்கூடைகள்,
வடக்கே குருசடி,
தெற்கே, வேறென்ன, கடல்.
இதற்குட்பட்ட இருபதுக்குப் பதினாறு அடியில்
யாரும் யாராகவும் இருக்கலாம்,
வில்லங்கம் ஏதுமில்லை.

தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் நின்று
கேக்கல்ல என்பார்.
ஆடி மாதக் கடல். தொண்டை கிழிய மறுபடியும்.
"கடலு ஒன்னவிட நல்லா பேசுது பிள்ளே,
அதுக்கே வேஷத்த குடுத்திரவா?"
மிக்கேலம்மாள் சொல்லிச் சிரித்தாள்.
ஆண்கள் சேலை கட்டி நடித்த மேடையில்
தன் சேலையோடு ஏறிய முதல் பெண்.
அதனால் ரெண்டு சம்பந்தம் தட்டிப்போனதையும் சொன்னாள்.
அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை என்பதையும்.
அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்,
முதல் சிரிப்பேதானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ததேயு தம்மாமிலிருந்து அனுப்பிய குரலில் பாதி காற்று.
இரண்டாம் சேவகன், ஒரே வசனம்:
"வண்டி வந்தாச்சு அய்யா."
அதையே சொன்னான், சார் சொன்ன அளவுக்குத் தாமதித்து.

அமலோற்பவம் அக்கா எழுந்திருக்கவில்லை.
"வீட்டுல அவிய பேசமாட்டாவ.
நீங்க கேட்டதொண்ணும் நான் கேட்டதில்ல" என்றதோடு சரி.

யாரும் சொல்லாதது ஒன்று உண்டு.
ஒக்கி அடித்த வருசம்
தோணிக்காரன் வேஷம் ஜெனிஸ்டனுக்கு.
கிறிஸ்துமஸுக்கு நாடகம் இல்லை. ஈஸ்டருக்கு வைத்தோம்.
சார் வேறு ஆள் போடவில்லை.
அவன் நிற்கவேண்டிய இடத்தில் சாக்பீஸ் வட்டம்.
மற்றவர்கள் வட்டத்தைப் பார்த்துக் கேட்பார்கள்,
பதில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் நிற்பார்கள்,
பிறகு தங்கள் வசனத்துக்குப் போவார்கள்.
மூன்றாம் காட்சி.
"அக்கர எப்பம் சேருவோம்?"
நின்றார்கள்.
மணலில் இருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல்:
"காத்து சொல்லணும் மக்களே, நான் சொல்லக்கூடாது."
அவனுக்க அம்மை.
சோறு தின்றுகொண்டே அவன் உருப்போட்டது
காதில் விழுந்து கிடந்திருக்கும்.
ஒரு சொல் பிசகவில்லை,
திரைக்குப் பின்னால் அந்த வரியின் மேல்தான்
என் விரல் இருந்தது.
சாரைத் தேடினேன்.
ஜெனரேட்டர் மூடியைத் திறந்து
டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்,
காட்சி முடியும் வரை.

பத்தொன்பது வருசம்
நான் வசனம் எடுத்துக்கொடுத்தவள்.
எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்:
மறந்தா ஒடனே குடுக்காத. நாலு எண்ணு.
மறக்கவும் அவனுக்குப் பாத்தியதை உண்டு.

ஜசிந்தா, நீயும் பேசு என்றார்கள்.
எழுந்தேன்.
மைக்கில் இன்னும் அடுத்தவர் கைச்சூடு.
சார், என்றேன்.
அடுத்த சொல் வரவில்லை.

யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
காப்பி கிளாஸ்கூடச் சத்தம் போடவில்லை.
தார்சியுஸின் உதடு மட்டும் அசைவது தெரிந்தது.
ஒண்ணு.
ரெண்டு.